நம்ம கரையில் டிரம் தோட்டம் வந்த வரலாறு



கூட்டமைப்பு மலருக்கு ஒரு கட்டுரை எழுதிக் கொடுன்னு எங்க ஊக்குநர் அக்கா கேட்டாங்க. கறவை மாடு வாங்கினது, தையல் மிஷின் வாங்கினது பத்தியெல்லாம் மத்தவங்க எழுதுவாங்க. அதனால டிரம் தோட்டத்தைப் பத்தி எழுதலாம்னு நான் நினைச்சேன். நான் பத்தாம் வகுப்பு வரைதான் படிச்சவ. பள்ளிக்கூடத்தில் வரலாறுன்னா வருஷத்தை மனப்பாடம் பண்ணினதோடு சரி. இந்தக் கட்டுரைக்காக எங்க குழுவின் தீர்மானப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினேன். மாமியார்கிட்ட உட்கார்ந்து பழைய கதை கேட்டேன். மகனோட போனில் தேடியும் படிச்சேன்.

டிரம் தோட்டம்னா என்னன்னு முதலில் சொல்லிடறேன். ஒரு பிளாஸ்டிக் டிரம்மை நீளவாக்கில் ரெண்டா அறுத்து, தொட்டில் மாதிரி வச்சுக்கணும். அடியில் தண்ணி நிற்க இடம், அதுக்கு மேலே மண். நடுவில் ஒரு பைப் சொருகி அது வழியா அடியில் தண்ணி ஊத்தணும். விளக்கில் திரி எண்ணெயை உறிஞ்சி மேலே கொண்டுபோற மாதிரி, மண்ணே தண்ணியை உறிஞ்சி வேருக்குக் கொடுக்கும். நாம மேலே ஊத்த வேண்டியதில்லை. ஒன்றரைக் குடம் ஊத்தினா சாதாரண நாளில் நாலு நாள் தாங்கும், சித்திரை வெயிலில் ரெண்டு நாள் தாங்கும்.

இதில் என்ன வரலாறு இருக்குன்னு கேட்பீங்க. தண்ணியை எண்ணி எண்ணிச் செலவழிச்ச பொம்பளைங்களோட கதைதான் இது. அது எங்க வீட்டு அடுக்களையில்தான் எனக்குத் தெரிய ஆரம்பிச்சது.

நான் பிறந்தது ஸ்ரீவைகுண்டம் பக்கம், வாய்க்கால் ஓடுற ஊரு. தாமிரபரணியில் கடைசி அணை ஸ்ரீவைகுண்டம் அணைதான். 1873-இல் கட்டி முடிச்சது. அந்தத் தண்ணியில் வாசலில் வாழை, கொல்லையில் வெண்டை, கத்தரி எல்லாம் தானா வளரும். காய்கறிக்குக் காசு கொடுக்கணும்னே எனக்குத் தெரியாது. 2007-இல் கல்யாணமாகி பழையகாயல் தாண்டி இந்த உப்பளத்து ஊருக்கு வந்தேன். வந்த மறுநாள் அரிசி கழுவின தண்ணியை முற்றத்தில் வீசிக் கொட்டினேன். அத்தை ஓடி வந்தாங்க. "ஏ மருமவளே, தண்ணிய மண்ணுல கொட்டாத! அத முருங்கை மூட்டுல ஊத்து"ன்னாங்க. ஒரு சருவத் தண்ணிக்கு இம்புட்டுக் கோபமான்னு அன்னைக்கு அழுதேன். ஒரு கோடை கழிஞ்ச பிறகுதான் புரிஞ்சது. ஆழ்துளைக் கிணறு போட்டாலும் உவர்த் தண்ணிதான் வரும். நல்ல தண்ணி குழாயில் வர்ற நாளில் வரும், வராத நாளில் லாரியில் குடம் கணக்கில் காசு கொடுத்துப் பிடிக்கணும்.

இது இன்னைக்கு நேத்து வந்த கஷ்டம் இல்லை. கொற்கை நம்ம பக்கத்து ஊருதான். பாண்டியர் காலத்து முத்துத் துறைமுகம். இப்ப கடல் பல கிலோமீட்டர் விலகிப் போயிட்டது, ஊரைச் சுத்தி வயலும் வாழையுமா இருக்கு. 1968-69-இல் தமிழ்நாடு தொல்லியல் துறை அங்கே தோண்டினப்ப சுடுமண் உறைகள் ஒன்றின்மேல் ஒன்றா வச்சபடி கிடைச்சதாம். உறைகிணறு இறக்குறப்ப அப்படித்தான் வைப்பாங்க. முத்து எடுத்துக் கப்பலில் அனுப்பின ஊரிலும் யாரோ ஒருத்தி குடத்தை இடுப்பில் வச்சுக்கிட்டுத் தண்ணிக்கு நடந்திருப்பா.

தூத்துக்குடி டவுனுக்கே நல்ல தண்ணி வந்தது 1927-இல்தான். நகராட்சித் தலைவரா இருந்த குரூஸ் பர்னாந்து அவங்க வல்லநாட்டிலிருந்து தாமிரபரணித் தண்ணியைக் குழாயில் கொண்டு வந்தாங்க. அதனாலதான் இன்னைக்கும் அவங்க சிலைக்கு மாலை போடுறாங்க. துறைமுகமும் கப்பலும் இருந்த பெரிய டவுனே அதுவரைக்கும் தவிச்சிருக்குன்னா, குழாய் வந்து சேராத எங்க மாதிரி கரையோர ஊர்களை நீங்களே நினைச்சுப் பாருங்க.

அத்தையோட அப்பா சங்கு குளிச்சவர். முத்துக் குளிப்பு நடக்கிற வருஷம் முத்துக்கும் போவாராம். நம்ம கடலில் கடைசியா முத்துக் குளிப்பு நடந்தது 1961. அப்ப அத்தைக்கு எட்டு வயசு. அத்தைக்கு நல்லா ஞாபகம் இருக்கிறது முத்து இல்லை, அவங்க அம்மா ஒதுக்கி வச்ச ஒரு குடம் தண்ணி. கடலிலிருந்து வர்றவர் உடம்பில் உப்பு பூத்திருக்கும். அந்த ஒரு குடத்தில்தான் அவர் மேலு கழுவணும். கல்லு மேலே நின்னு கழுவினா தண்ணி ஒரு சின்னக் கானில் ஓடி முருங்கை மூட்டுக்கும் ஒரு சுரைக்கொடிக்கும் போகுமாம். மணலில் ஊத்து தோண்டி, சிரட்டையால் கோரிக் கோரி நிரப்பின குடம் அது. அதில் ஒரு சொட்டுகூட வீணாப் போக விடமாட்டாங்களாம்.

அந்தச் சுரைக்கொடி பத்தி அத்தை சொன்ன விஷயம்தான் என்னை எழுத வச்சது. கீறல் விழுந்த மண் குடத்தை அவங்க அம்மா தூரப் போட மாட்டாங்களாம். கொடி மூட்டில் கழுத்து வரைக்கும் புதைச்சு, தண்ணி ஊத்தி, மேலே ஒரு ஓட்டுச் சில்லை மூடி வைப்பாங்களாம். தண்ணி கொஞ்சம் கொஞ்சமா கசிஞ்சு வேருக்குப் போகும். பதனீர்க் கலயம் உடைஞ்சா அதைப் புதைக்க மாட்டாங்களாம். உள்ளே சுண்ணாம்பு தடவித் தடவி அடைச்சுப் போயிருக்கும், கசியாதுன்னு சொல்வாங்களாம். எந்தப் புத்தகம் படிச்சு இதைத் தெரிஞ்சுக்கிட்டாங்க?

ஆனா புத்தகத்திலும் இருக்கு. சீனாவில் சுமார் 2000 வருஷத்துக்கு முன்னாடி ஃபான் ஷெங்ஜி எழுதின விவசாய நூலில் இதே முறை இருக்கு. மண் ஜாடியை வாய் தரைமட்டத்துக்கு வர்ற மாதிரி புதைச்சு, சுத்தி முலாம்பழ விதை போட்டு, ஓட்டால் மூடி, தண்ணி குறையக் குறைய நிரப்பச் சொல்லியிருக்கார். நம்ம நாட்டில் ஹரியானா மாநிலம் கர்னாலில் மத்திய உவர் மண் ஆராய்ச்சி நிலையம்னு இருக்கு. அங்கே 1970-களில் பானைப் பாசனத்தை ஆராய்ச்சி பண்ணி, கொஞ்சம் உப்பான தண்ணியை வச்சே காய்கறி வளர்க்க முடியும்னு காட்டினாங்க. மண் எப்பவும் ஈரமா இருக்கிறதால் உப்பு வேரைப் பிடிக்காம ஈரம் முடியுற ஓரத்துக்கு ஒதுங்கிப் போயிடுது. இதைப் படிச்சதும் அத்தைகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "இதுக்கு ஆபீஸ் வேறயா?"ன்னு கேட்டாங்க.

அந்தப் புதைச்ச குடத்துக்கும் இப்ப நாம வைக்கிற டிரம்முக்கும் நடுவில் ஒரு தலைகீழ் மாற்றம் நடந்திருக்கு. குடத்தில் தண்ணி உள்ளே, மண்ணு வெளியே. டிரம்மில் மண்ணும் தண்ணியும் ஒரே பாத்திரத்துக்குள்ளே, தண்ணி அடியில். 1990-களில் அமெரிக்காவின் புளோரிடாவில் பிளேக் விசெனன்ட் என்ற தக்காளி விவசாயி இந்த மாதிரி ஒரு பெட்டியைச் செஞ்சு விற்பனைக்கே கொண்டு வந்தார். ஆஸ்திரேலியாவில் காலின் ஆஸ்டின் என்பவர் இதையே பெரிய பாத்தியா போடுறதைப் பரப்பினார். ரெண்டு பேருக்கும் பிளாஸ்டிக் கிடைச்சது. எங்க கொள்ளு ஆச்சிக்குக் கிடைச்சது மண் குடம். அவ்வளவுதான் வித்தியாசம்னு நான் நினைக்கேன்.

இனி எங்க குழுக் கதை. தமிழ்நாட்டில் சுய உதவிக் குழு 1989-இல் தர்மபுரியில் ஆரம்பிச்சது. 1997-98-இல் மகளிர் திட்டமா மாநிலம் முழுக்க வர ஆரம்பிச்சது. எங்க குழு ஆரம்பிச்சது 2009-இல், பன்னிரண்டு பேர். 2013-14-இல் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் அரசாங்கம் மாடித் தோட்டத்துக்குப் பை, தென்னை நார்க்கழிவு, விதை எல்லாம் சேர்த்து மானிய விலையில் கொடுத்தாங்க. டிவியில் அதைப் பார்த்துட்டு ஒரு கூட்டத்தில் நான் பேசினேன். அந்த வாரத் தீர்மானப் புத்தகத்தில் இப்படி இருக்கு: "காய்கறித் தோட்டம் பற்றிப் பேசப்பட்டது. குடிக்கவே தண்ணீர் இல்லாததால் ஒத்திவைக்கப்பட்டது." எழுதினது எங்க பிரதிநிதி மைனி. சொன்னது தப்பும் இல்லை. பையில் மேலே ஊத்துற தண்ணி மணலில் ஓடி அடியில் வடிஞ்சிடும். ஒரு பைக்கு ஒரு நாளைக்கு அரைக் குடம் யார் கொடுப்பா?

நாலு வருஷம் அப்படியே கிடந்தது. 2018-இல் வேற ஊர்க் குழுவைப் பார்க்கக் கூட்டிட்டுப் போனாங்க. அங்கே ஒரு அக்கா மீன் வர்ற தெர்மாகோல் பெட்டியில் அடியில் தண்ணி நிக்க வச்சுக் கீரை போட்டிருந்தாங்க. எனக்கு அங்கேயே அத்தையோட குடம் ஞாபகம் வந்துட்டது. வந்ததும் நாலு பெட்டி போட்டோம். கீரை நல்லா வந்தது, ஆனா பெட்டி வரல. ஒரு கோடை வெயிலில் மக்கி, கை வச்சா உதிருது. வெள்ளை வெள்ளையா காத்தில் பறந்து உப்பளத்துப் பாத்தியில் போய் விழுந்தது. உப்பளத்துக்காரர் வந்து சத்தம் போட்டுட்டுப் போனார். நியாயம்தானே. அதோட தெர்மாகோலை விட்டுட்டோம்.

திரிக்கும் படாதபாடு பட்டோம். கரையில் சும்மா கிடக்குதேன்னு பழைய வலைக்கயிறைப் போட்டோம். நைலான், தண்ணியை இழுக்கவே இல்லை. சாக்கு மூணு மாசத்தில் அழுகிப் போச்சு. மாமாவோட பழைய நூல் வேட்டி ஒரு பருவம் தாங்கினது. கடைசியில் திரியே வேண்டாம்னு முடிவு பண்ணி, உடைஞ்ச பிளாஸ்டிக் கூடையில் மண்ணை அமுக்கி அடைச்சு, அதைத் தண்ணிக்குள்ளே கால் மாதிரி இறக்கினோம். மீதி இடத்தில் ஓட்டை போட்ட பாட்டிலும் ஓட்டுச் சில்லும். அதுக்கு மேலே ஒரு துணி, துணிக்கு மேலே மண். இன்னைக்கு வரைக்கும் அந்த முறைதான். தண்ணி மட்டம் நாலு விரக்கடை தாண்டினா வழிஞ்சு போக பக்கத்தில் ஒரு துளை இருக்கணும், இல்லேன்னா வேர் அழுகிடும். பைப் வாயை வலைத்துணியால் கட்டணும். முதல் வருஷம் கட்டாம விட்டு, டெங்கு கொசு பார்க்க வந்த சுகாதாரப் பணியாளர் டார்ச் அடிச்சுப் பார்த்து உள்ளே புழு நெளியுறதை எங்களுக்கே காட்டினாங்க. வெட்கமாப் போச்சு.

2019-இல் டிரம் வாங்கினதைத்தான் சொல்லத் தயக்கமா இருக்கு. ஆனா அதைச் சொல்லாம இந்த வரலாறு எழுதினா பொய்யாயிடும். துறைமுகப் பக்கம் நீல டிரம் நிறைய கிடைக்கும். உள்கடனா 6,000 ரூபாய் எடுத்து, ஒரு பழைய சாமான் கடையில் பத்து டிரம் வாங்கினோம். எட்டு டிரம் சமையல் எண்ணெய் வந்தது. ரெண்டில் லேசா ஒரு வாடை. கடைக்காரர், "கழுவினா போயிரும்மா"ன்னார். விலையில் நூறு குறைச்சும் கொடுத்தார். வாங்கலாம்னு கை காட்டினது நான்தான். சீயக்காய், சோப்பு எல்லாம் போட்டு மூணு தடவை கழுவி வெயிலில் காய வச்சோம். வாடை போன மாதிரிதான் இருந்தது. அந்த ரெண்டும் எங்க குழுவில் ஒரு அக்காவுக்குப் போச்சு. இருவது நாளில் தண்டங்கீரை ஓரம் கருகி சுருண்டது. தண்ணி பத்தலையோன்னு நினைச்சோம். அதுக்குள்ளே அந்த அக்கா ஒரு தடவை பறிச்சுக் கடைஞ்சு பிள்ளைகளுக்குச் சோத்தில் போட்டுட்டாங்க. மண்ணைக் கிளறினப்ப பழைய வாடை குப்புன்னு வந்தது. அன்னைக்கு ராத்திரி முழுக்க நானும் அவங்க வீட்டு நடையில்தான் உட்கார்ந்திருந்தேன். பிள்ளைங்களுக்கு ஒண்ணும் ஆகலை. ஆனா அந்த ராத்திரியை நான் மறக்கலை. அதில் என்ன வந்ததுன்னு கடைசி வரைக்கும் தெரியலை.

அடுத்த கூட்டத்தில் பெரிய சண்டை. ரெண்டு டிரம் காசை நான் கொடுத்துடறேன்னு சொன்னேன். மைனி சம்மதிக்கலை. "வாங்கறப்ப எல்லாரும்தான் கூட இருந்தோம், ஒருத்தி தலையில கட்டக் கூடாது"ன்னு சொல்லிப் பன்னிரண்டு பங்கா போட்டாங்க. தீர்மானமும் எழுதினாங்க: சமையல் எண்ணெய், சீரப், ஊறுகாய் மாதிரி சாப்பாட்டுச் சாமான் வந்த டிரம் மட்டும்தான் வாங்கணும், லேபிள் இல்லாத டிரம்மைத் தொடக்கூடாது, அடியில் முக்கோணத்துக்குள்ளே 2-ன்னு எண் இருக்கணும், எண் இருந்தாலும் உள்ளே என்ன வந்ததுன்னு தெரியலேன்னா வேண்டாம். அந்த 2 பிளாஸ்டிக் என்ன வகைன்னு மட்டும்தான் சொல்லும், உள்ளே என்ன இருந்ததுன்னு சொல்லாது. இதை எத்தனை பேர்கிட்டச் சொன்னாலும் எனக்கு அலுக்காது. அந்த அக்கா அதுக்குப் பிறகு தோட்டம் போடவே இல்லை. குழுவில் இருக்காங்க, என்கூட நல்லாத்தான் பேசுறாங்க. கீரை கொடுத்தா மட்டும் சிரிச்சுக்கிட்டே வேண்டாம்னுடுவாங்க.

2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தப்ப எங்க ஊரில் இருவது டிரம் பாத்தி இருந்தது. காய்கறி வண்டி வரலை. ஏரல் சந்தைக்குப் போக வழியில்லை. கீரை, கத்தரி, மிளகாய், கொஞ்சம் தக்காளி. பெரிசா ஒண்ணும் இல்லைதான். ஆனா குழம்பில் போட ஏதோ ஒண்ணு வாசலில் இருந்தது. ஒத்திவைக்கச் சொல்லித் தீர்மானம் எழுதின மைனி அப்பதான் மூணு டிரம் கேட்டாங்க.

உப்பைப் பத்தியும் சொல்லணும். எங்க குழாய்த் தண்ணி பத்தாத நாளில் உவர்த் தண்ணியையும் கலந்துதான் ஊத்துவோம். தண்ணி கீழேயிருந்து மேலே ஏறி ஆவியாப் போறப்ப உப்பு மேல் மண்ணில் தங்கிடும். மாசி பங்குனியில் பார்த்தா உப்பளம் மாதிரியே வெள்ளைப் படலம். ஃபாரின் வீடியோவில் இதைப் பெரிசாச் சொல்றதில்லை, அவங்களுக்கு நல்ல தண்ணி இருக்கு போல. நாங்க அடியில் இன்னொரு துளை போட்டு, சைக்கிள் டியூப் சுத்தின கட்டையால் அடைச்சு வச்சோம். மாசம் ஒரு தடவை கட்டையை எடுத்துட்டு மேலேயிருந்து ஒரு குடம் நல்ல தண்ணி ஊத்தி அலசி விடுவோம். மழைக்காலத்தில் அந்த வேலையை வானமே பார்த்துக்கும்.

2023 டிசம்பர் 17, 18-இல் வானம் பார்த்த வேலை வேற மாதிரி. நம்ம மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்யுறதே சுமார் 65 சென்டிமீட்டர்தான். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டிட்டது. தாமிரபரணி கரை தாண்டி வந்தது. எங்க வீட்டுக்குள்ளே இடுப்பளவு தண்ணி, நாங்க பள்ளிக்கூடத்து மாடியில் இருந்தோம். குடிக்கத் தண்ணி இல்லை, சுத்தி எங்கே பார்த்தாலும் தண்ணி. அத்தை மாடியிலிருந்து அதைப் பார்த்துக்கிட்டே ஒண்ணும் பேசலை.

தண்ணி வடிஞ்சு வந்து பார்த்தா முருங்கை சாஞ்சு கிடந்தது. தரையில் இருந்த மிளகாய்ப் பாத்தி வண்டலுக்குள்ளே போயிட்டது. அப்ப ஊரில் இருந்த 31 டிரம் பாத்தியில் 14 காணோம். அத்தைக்கு முழங்கால் வலின்னு குனியாம பறிக்கிறதுக்காக ஹாலோபிளாக் அடுக்கி இடுப்பு உயரத்தில் வச்ச ஆறு டிரம்மும் நின்ன இடத்திலேயே நின்னது. வழிஞ்சு போற துளை இருந்ததால் மண்ணு ரெண்டு நாளில் வடிஞ்சது. பொங்கலுக்கு அதிலிருந்துதான் கத்தரிக்காய் பறிச்சோம். காணாமப் போன 14-இல் ஒண்ணை உப்பளத்து வரப்பில் கண்டுபிடிச்சோம். ஒரு கிலோமீட்டர் மிதந்து போயிருக்கு, உள்ளே வெண்டைச் செடி சாயாம நிக்குது. தூக்கிட்டு வர நாலு பேர் வேண்டியிருந்தது. அந்த வருஷம் உப்பளத்தில் எல்லாருக்கும் வேலை போயிட்டது, கையில் காசு இல்லை. பிடிச்சு வச்ச டிரம்மைத் தவிர புதுசா யாரும் போடலை.

இப்ப எங்க ஊரில் 22 பாத்தி இருக்கு. எல்லாம் கல்லு மேலே ஏத்தி, டிரம்மைக் கயிறால் கட்டியிருக்கு. அந்தக் கயிறு மட்டும் பழைய வலைக்கயிறு, அதுக்கு அது நல்லா உதவுது. போன மாசக் கூட்டத்தில் இன்னும் எட்டு எண்ணெய் டிரம் வாங்க உள்கடன் கேட்டு மனு வந்திருக்கு. லேபிளோட இருக்கான்னு பார்த்துட்டு வர என்னையும் மைனியையும் அனுப்பியிருக்காங்க. ஐப்பசி மழைக்கு முன்னாடி மண்ணைக் கொட்டி அலசணும். அத்தை வீட்டுச் சுரை விதை எடுத்து வச்சிருக்கேன், வேணுங்கிறவங்க மாதாந்திரக் கூட்டத்துக்கு வர்றப்ப ஒரு சின்ன டப்பா கொண்டு வாங்க.